லாண்ட் றோவருக்கு ஒரு கவசம்

கவசம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருபவன் கர்ணன். அவனுடைய கவசம் உடலோடு பிறந்து உடலோடு வளர்ந்தது. ஆகையால் அதற்கும் அவன் மேனிக்கும் இடையே சேறும் மழைநீரும் புகுந்து தங்க வழியே இருந்திராது. இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மோட்டார் வண்டி ஒன்றுக்குச் சொந்தக் கையால் கவசம் செய்து பூட்டி, முதன்முறை கெட்டு, இரண்டாம் முறை திருந்தியவன் என்ற உரிமையோடு சொல்லுகிறேன்.

வண்டிக்குக் கவசமா என்று வாசகர்கள் திகைக்க வேண்டாம். துப்பாக்கிக் குண்டுக்கு அஞ்சிப் போடும் கவசம் அன்று இது. தார் காணாத மலைப்பாதைகளிலும் காட்டுத் தடங்களிலும் ஓடுகின்ற ஜீப், லாண்ட் றோவர் முதலிய வண்டிகளுக்குக் கல்லே பகை. முன்சில்லுக்குத் தப்பிய கல், கதவின் கீழேயுள்ள தகட்டைக் கடிக்கும். பள்ளத்திலிருந்து ஏறும்போது பின்சில்லுக்கு அப்பாலுள்ள மூலை மண்ணிலே இடிபடும். இந்த இடங்களில் மேலதிகமாக ஒரு கனத்த தகட்டைப் பொருத்தி வண்டியின் மெல்லிய மேனியைக் காப்பதையே கவசம் போடுதல் என்கிறார்கள். கலிபோர்னியாவின் சியறா நெவாடா மலைகளில் றூபிகன் என்றொரு பாறைப்பாதை உண்டு. பொழுதுபோக்குக்காக அங்கே ஜீப் ஓட்டுகிறவர்கள் கவசமில்லாமல் அதில் இறங்குவது அரிது. அவர்களுக்கு அது விளையாட்டு. எங்கள் மாமாவுக்கோ கற்பாதை என்பது அன்றாட அலுவல்.

மாமா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பாமல் அங்கேயே ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார். 1979ஆம் ஆண்டில், தோட்டத்தார் கழித்துவிட்ட ஒரு லாண்ட் றோவரை ஏலத்தில் வாங்கினார். 1964ஆம் வருடத்து வண்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 அங்குலம். தோட்டத்தின் மேற்கணக்கிலே, அதாவது மலையுச்சியை அடுத்த பிரிவிலே, லயன் வீடுகளில் இருப்பவர்களுக்கு இரவில் நோய்நொடி கண்டால் மாமாவின் வீட்டுப் படலையைத்தான் வந்து தட்டுவார்கள். அங்கிருந்து பெருந்தெருவுக்கு மூன்று மைல் தூரம் கற்பாதை. மாமா கூலி வாங்குவதில்லை. பெற்றோல் காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடாவிட்டால் கேட்கமாட்டார். இந்த விஷயத்தில் மாமி வேறு அபிப்பிராயம் உடையவர்.

லாண்ட் றோவரின் மேனியைப்பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களுக்குப் பின்னால் வந்த வினையெல்லாம் அதிலிருந்தே விளைந்தது. இங்கிலாந்தின் றோவர் கம்பெனியில் தலைமைப் பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில், யுத்தத்தில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கிவந்தார். அது தேய்ந்துபோனால் அதன் இடத்துக்கு வேறு எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து புதிய வண்டி பிறந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் அது உலகத்துக்குக் காட்டப்பட்டது. யுத்தம் ஓய்ந்த அந்தக் காலத்தில் பிரித்தானியாவில் உருக்கு, பங்கீட்டில்தான் கிடைக்கும். அலுமினியம் அவ்வளவு முடையாக இருக்கவில்லை. ஆகவே மேனித் தகடுகளை ‘பேர்மபிரைற்’ என்னும் அலுமினிய மக்னீசியக் கலப்புலோகத்தால் செய்தார்கள். அடிச்சட்டம் மட்டும், உருக்குத் தகடுகளை வெல்ட் செய்து பெட்டிபோல் அமைத்தது. பஞ்சத்துக்குச் செய்த உபாயம் பெரும் பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டது. மழைக்கும் வெயிலுக்கும் கறள் பிடியாத வண்டி என்று ஊரெல்லாம் பேச்சு.

அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. அலுமினியத்துக்குச் செங்கறள் இல்லை. ஆனால் வெண்ணோய் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

2011ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு. அடைமழை. மேற்கணக்கிலிருந்து பிரசவ வேதனை கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு மாமா இறங்கிவருகிறார். கொண்டைவளைவு ஒன்றில் இடப்பக்கத்து மண் சரிந்து கிடந்தது. வலப்பக்கமாக ஒதுக்கினார். ஓரத்திலிருந்த கல்லின்மேல் முன்சில்லு ஏறி இறங்க, வண்டியின் நடு அப்படியே கல்லில் குந்திவிட்டது. கதவுக்குக் கீழேயுள்ள தகடு மேல்நோக்கி மடிந்து, கதவின் அடியைக் கவ்விக்கொண்டது. கதவு திறக்கவில்லை. மாமா மற்றப் பக்கத்தால் தவழ்ந்து இறங்கி, கூட வந்தவர்களோடு அலவாங்கு போட்டுக் கல்லைப் புரட்ட அரைமணி நேரம் சென்றது. பெண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள், ஆண் குழந்தை. அரைமணி நேரம் மழையில் நின்ற கதையை மாமா எனக்கு மூன்று தரம் சொன்னார். குழந்தை பிறந்ததை ஒரு தரம்தான் சொன்னார்.

நான் அப்போது விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியன். ஓகஸ்ட் விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். நசுங்கிய தகட்டைப் பார்த்ததும், “மாமா, இதற்கு மேலே நல்ல உருக்குத் தகடு ஒன்று போட்டுவிட்டால் என்ன?” என்றேன்.

“வண்டிக்குச் சட்டை தைக்கப்போகிறாயோ தம்பி? தைத்துப் பார்” என்றார் மாமா.

இரண்டு மில்லிமீற்றர் உருக்குத் தகடு வாங்கிவந்து கிரைண்டரால் வெட்டினோம். நசுங்கிய இடங்களைச் சுத்தியலால் ஒருவாறு தட்டி நிமிர்த்தி, கதவடிப் பக்கங்களிலும், முன் மட்காட்டின் கீழ்ப்பகுதியிலும், பின்மூலைகளிலும் உருக்கை ஒட்ட அணைத்து வைத்து, இரும்பு போல்ட்டுகளால் முறுக்கினோம். கீழ்விளிம்பை உட்புறமாக மடித்து அடியையும் மூடினோம். மழைத்தண்ணீர் புகாதபடி சுற்றிவரப் பசை அடைத்து, கறுப்பு பெயின்ற் அடித்தோம். ஒன்றரைச் சதுரமீற்றர் தகடு. 23 கிலோகிராமுக்குக் கொஞ்சம் மேலே. வண்டி யுத்தகளத்துக்குப் புறப்பட்டதுபோல் நின்றது. அயலவர்கள் வந்து பார்த்து மெச்சினார்கள்.

சந்தியில் ரிங்கர் வேலைப் பட்டறை வைத்திருந்த பாஸ் ஒருவர் மட்டும் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்துவிட்டு, “தண்ணி போறதுக்கு வழி வச்சீங்களா மாஸ்டர்?” என்று கேட்டார்.

“தண்ணீர் வந்தால்தானே பாஸ், போவதற்கு!” என்றேன் நான். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. 2013ஆம் ஆண்டு ஐப்பசியில் மாமா ரெலிபோனில், “வண்டிக்குள்ளே பெற்றோல் மணக்கிறது தம்பி” என்றார். லாண்ட் றோவரின் இந்த வகையில் பெற்றோல் தாங்கி வலப்பக்கத்து ஆசனத்தின் கீழே, அதாவது ஓட்டுபவர் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் உருக்குக் கைகளே அதைத் தாங்குகின்றன. அந்தக் கைகளின் நுனியை வெளியே மறைத்து நிற்பதுதான் கதவடித் தகடு. அதன்மேல் எங்கள் கவசம்.

விடுமுறைக்குப் போய்க் கவசத்தைக் கழற்றினோம். பாதி போல்ட்டுகள் கழறவில்லை, முறிந்தன. உள்ளே சேறு செங்கல்லைப்போல இறுகிக் கிடந்தது. தண்ணீர் நாங்கள் பசை அடைத்த விளிம்பால் வரவில்லை. முன்சில்லு வாரி இறைத்த சேறு மட்காட்டின் உட்புறத்தால் வந்து இறங்கியிருக்கிறது. வந்தது போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. அலுமினியம் முழுவதும் வெள்ளைப் பொடி. போல்ட்டுத் துளைகள் ஒவ்வொன்றும் பெரிய நாணயமளவு அகன்றிருந்தன. மாமா ஒரு திருகாணிச் சாவியை எடுத்து, தாங்கியைச் சுமக்கும் கையை மெல்லக் குத்தினார். பிட்டிலே விரல் புகுவதுபோல் அது உள்ளே போய்விட்டது. தாங்கி ஒருபக்கம் சாய்ந்து, அதன் பொருத்துவாய் சட்டத்தில் உரசிக் கசிந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தில் மாத்திரம் அந்த வண்டி மூன்று நோயாளரை ஏற்றி இறக்கியிருந்தது.

கவசம் இல்லாதிருந்தால் அந்தக் கை உக்குவதை மாமா ஒரு வருடத்துக்கு முன்னரே கண்டிருப்பார். மறைத்தது நான் போட்ட தகடு.

மாணவ நேயர்கள் இதைக் கவனிக்கவேண்டும். செம்புத் தகட்டையும் நாகத் தகட்டையும் உப்புநீர் தோய்ந்த அட்டையின் இருபுறமும் வைத்து, அவற்றை அடுக்கடுக்காக ஏற்றி, 1800ஆம் ஆண்டில் வோல்ற்றா என்ற இத்தாலிய விஞ்ஞானி முதல் மின்கல அடுக்கைச் செய்தார் என்று நான் வருடந்தோறும் கரும்பலகையில் படம் வரைந்து படிப்பித்து வந்தவன். இரண்டு உலோகங்கள், இடையே ஈரம், இவை இருந்தால் மின்கலம் ஆயிற்று. இரண்டில் ஓர் உலோகம் கரைந்துகொண்டே போகும். உருக்கும் அலுமினியமும் சேருமிடத்தில் கரைவது அலுமினியம். கரைந்து உண்டாகும் வெள்ளைப் பொடியோ தின்னப்பட்ட உலோகத்திலும் அதிக இடம் கேட்பது. ஆகவே அது தகடுகளை வீங்கச் செய்து, இன்னும் ஈரம் புக வாயைத் திறந்துவிடும். நான் மாமாவின் வண்டியைச் சுற்றி ஒன்றரைச் சதுரமீற்றர் மின்கலம் கட்டிவைத்திருந்தேன். (தாங்கியின் கையை உக்கச் செய்தது இதுவன்று, அது ஈரமண் இரவும் பகலும் உருக்கை ஒட்டிக் கிடந்ததன் பலன்.)

இந்தப் பிழையைச் செய்ததில் எனக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்படையின் மரக்கப்பல்களைக் கப்பற்புழு துளைத்துத் தின்றது. அதற்குக் காப்பாக, 1761ஆம் ஆண்டில் ‘அலாம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்புறம் முழுவதையும் செம்புத் தகட்டால் போர்த்தினார்கள். அதுவும் கவசந்தானே! கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த பின், சுமார் இரண்டு வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, செம்பு நன்றாயிருந்தது, புழுவும் இல்லை. ஆனால் செம்பைப் பிடித்திருந்த இரும்பாணிகள் அரிக்கப்பட்டுக் கூழாகி, தகடுகள் பல இடங்களில் கழன்றுகொண்டிருந்தன. கடல்நீரில் செம்போடு கூடிய இரும்பு தோற்றுவிட்டது. வோல்ற்றா பிறந்தது 1745இல். அவர் மின்கல அடுக்கைச் செய்ததோ கப்பல் திரும்பி நெடுங்காலத்துக்குப் பிறகு. ஆகவே அந்தக் கப்பற் தச்சர்களுக்கு மன்னிப்பு உண்டு. எனக்கு இல்லை.

அக்கப்பலில் இன்னொரு வேடிக்கையும் கண்டார்கள். செம்புத் தகடுகளைச் சுற்றி வந்த மண்ணிறக் கடதாசி சில இடங்களில் கிழிக்கப்படாமல் ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவே அகப்பட்டிருந்தது. அந்த இடத்து ஆணிகள் பழுதில்லாமல் இருந்தன. உலோகமும் உலோகமும் தொடாவிட்டால் நோயும் இல்லை என்பதைக் கடதாசி காட்டிவிட்டது.

லாண்ட் றோவரைச் செய்தவர்களும் இதை அறியாதவர்களல்லர். பழைய வண்டிகளின் பின்பெட்டி ஓரங்களில் சாம்பல் நிறமான விளிம்புத் தகடுகளைக் காணலாம். அவை நாகம் பூசிய உருக்கு. நாகமும் அலுமினியமும் குணத்தால் அயலவர்கள். ஒன்றையொன்று அதிகம் தின்னமாட்டா. ஆனால் கதவுகளில் அலுமினியத் தோலுக்குள்ளே உருக்குச் சட்டம் இருக்கிறது. அதனால் எந்தப் பழைய லாண்ட் றோவரின் கதவடியையும் தடவிப் பார்த்தால் வெள்ளைப் பொடி விரலில் ஒட்டும். நான் இரண்டு வருடங்களாக அந்தப் பொடியைக் கண்டும் சுண்ணாம்பு என்றே நினைத்திருந்தேன்.

இனி, இரண்டாவது கவசம். இம்முறை பாஸின் பட்டறைக்கே வண்டியைக் கொண்டுபோய்விட்டோம். அவர் பழைய கதை ஒன்றும் பேசவில்லை. முதலில் தாங்கியைக் கழற்றிப் பட்டறைக்கு வெகுதூரத்தில் நிழலிலே வைப்பித்தார். வெறுந்தாங்கிதானே என்று அசட்டையாக இருக்கக்கூடாது. உள்ளே நிற்கும் பெற்றோல் ஆவி காற்றோடு கலந்திருப்பதால், நிறைந்த தாங்கியைக் காட்டிலும் வெறுந்தாங்கியே வெடிக்கத் தக்கது. பற்றரியின் கம்பியையும் கழற்றினார். பிறகு உக்கிய கையை வெட்டியெடுத்துப் புதிய கை வெல்ட் செய்தார். இரண்டு நாள் இதற்கே போயிற்று. கவசத்தைப்பற்றி அவர் பேச்செடுத்தது மூன்றாம் நாள்.

“மாஸ்டர், உங்களுக்கு வேண்டியது கீறல் விழாமலா, இல்ல வண்டி கல்லுமேல குந்தினா தாங்கவா?”

இரண்டும் வேண்டும் என்றேன். இரண்டுக்கும் ஒரே தகடு போதாது என்றார் அவர். இதை நான் அதற்குமுன் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட வண்டி கல்லில் குந்தும்போது அந்தப் பாரம் எங்கே போகவேண்டும்? அடிச்சட்டத்துக்குப் போகவேண்டும். மேனித் தகட்டின்மேல் பூட்டிய கவசம் அதை மேனிக்குத்தான் கொடுக்கும். எவ்வளவு தடித்த தகடாயினும், தன் பின்னால் இருக்கும் மெல்லிய அலுமினியத்தோடு சேர்ந்துதான் மடியும். ஆகவே பாரம் சுமப்பதற்கு ஒன்று, கீறல் தடுப்பதற்கு ஒன்று என்று வேலையைப் பிரித்தோம்.

பாரத்துக்கு, ஐம்பது மில்லிமீற்றர் சதுர உருக்குக் குழாய். சுவர் நாலு மில்லிமீற்றர். ஒன்றரை மீற்றர் நீளத்தில் பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்பது கிலோகிராம் வரும். குழாய் கதவடியின் நேர்கீழே ஓடும். ஆனால் கதவடியைத் தொடாது. மூன்று கட்டைக் கைகளால் அது அடிச்சட்டத்தையே பிடித்துக்கொள்ளும். அந்தக் கைகளைச் சட்டத்தில் வெல்ட் செய்யாமல், தகடு அணைத்து யூ வடிவ போல்ட்டுகளால் இறுக்கினோம். நாளைக்கு ஒன்று வளைந்தால் கழற்றி நிமிர்த்தலாம் என்பது பாஸின் யோசனை. வெல்ட் வேலை யாவும் மேசைமேலேயே முடிந்தது. குழாயின் இரு நுனிகளையும் சரிவாக வெட்டி மூடினார். கல்லில் மாட்டாமல் வழுகிப்போக அது உதவும். குழாயின் அடியில் ஒரு சிறு துளை. ஏனென்று நான் கேட்கவில்லை. தண்ணீருக்கு என்று எனக்கே தெரிந்தது.

கீறலுக்கு, அலுமினியம். லொறித் தட்டுகளில் விரிக்கும், ஐந்தைந்து வரிகளாய் மேடு எழும்பிய தகடு. மேட்டைச் சேர்க்காமல் மூன்று மில்லிமீற்றர் கனம். உருக்கை விட்டு அலுமினியத்துக்கு ஏன் போனோம் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். உருக்கு, அலுமினியத்தைப்போல ஏறத்தாழ மும்மடங்கு விறைப்பு. ஆனால் ஒரு தகடு வளையாமல் நிற்கும் வலிமை அதன் கனத்தோடு மட்டும் ஏறுவதில்லை. கனத்தைக் கனத்தால் இருமுறை பெருக்கிய அளவில் ஏறுகிறது. இரண்டு மில்லிமீற்றரை மூன்றாக்கினால் வலிமை மூன்று மடங்குக்கு மேலாகிவிடும். ஆகவே மூன்று மில்லிமீற்றர் அலுமினியமும் இரண்டு மில்லிமீற்றர் உருக்கும் வளைவுக்கு ஏறக்குறையச் சமம். நிறையோ, சதுரமீற்றருக்கு உருக்கு பதினைந்தரைக் கிலோகிராமுக்கு மேல், அலுமினியம் எட்டு. பழைய 23 கிலோகிராம் கவசத்தின் இடத்தில் 12 கிலோகிராம் தகடு வந்தது. கல்லோடு உரசித் தேய்வதில் உருக்கே கெட்டி. அதனால்தான் கல் கடிக்கும் இடத்தை உருக்குக் குழாய்க்கு விட்டோம்.

தகடு வெட்டுமுன் அட்டையில் மாதிரி வெட்டினோம். பிஸ்கட் பெட்டி அட்டைதான். மாமி சட்டை தைக்கக் கடதாசி வெட்டுவதுபோல், கதவின் வளைவையும் மட்காட்டின் விளிம்பையும் அட்டையில் தடவி எடுத்து, திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தோம். ஒரு பக்கத்து மாதிரியைக் கவிழ்த்து மற்றப் பக்கத்துக்கு வைக்கலாம் என்று நான் சொன்னேன். பாஸ் சிரித்தார். ஐம்பது வருடம் ஓடிய வண்டிக்கு இரண்டு பக்கமும் ஒன்றாயிருக்குமா? வைத்துப் பார்த்தபோது அரை அங்குலம் வித்தியாசம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அட்டை. இந்த வேலையை வீட்டிலே செய்ய நினைப்பவர்கள் மற்ற எதிலும் நேரத்தை மிச்சம்பிடித்தாலும், அட்டையில் மட்டும் மிச்சம்பிடிக்க வேண்டாம்.

அலுமினியத்தைக் கிரைண்டரால் வெட்டினால் கல் அடைத்துப்போகும். பல்வாள்தான் நல்லது. வாளிலே இடையிடையே மண்ணெண்ணெய் தொட்டுவிட்டால் சீவல் ஒட்டாமல் சுத்தமாக வெட்டும். (பக்கத்தில் தீப்பொறி பறக்கும் வேலை ஒன்றும் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.) மடிப்பதற்குப் பாஸ் செய்த வித்தைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மடிக்கவேண்டிய கோட்டின்மேல் துணி தோய்க்கும் சவர்க்காரத்தால் ஒரு கோடு கீறினார். மறுபுறத்தில் ஊதுவிளக்கை மெல்ல ஓட்டினார். சவர்க்காரக் கோடு கபிலமாகிக் கறுத்ததும் நெருப்பை எடுத்துவிட்டு, ஆறவிட்டு, இரண்டு கோண இரும்புகளுக்கிடையே இறுக்கி, மரச்சுத்தியலால் தட்டினார். சாதாரணமாக வெடிக்கக்கூடிய தகடு வாழைமட்டைபோல் மடிந்தது. அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து காட்டாது. 660 பாகையில் முன்னறிவித்தலின்றி உருகி விழுந்துவிடும். சவர்க்காரம்தான் அதற்கு வெப்பமானி. சுடப்பட்ட கோடு மற்ற இடத்தைவிடச் சற்று இளகியே இருக்கும். ஆகையால் மடிப்பை மட்டும் சுடவேண்டும், தகடு முழுவதையும் அல்ல.

துளை போடும்போது, விளிம்பிலிருந்து துளையின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு உள்ளே தள்ளிப் போட்டோம்; அல்லாவிட்டால் இழுபடும்போது விளிம்பு கிழிந்துவிடும். மூலைகளை எல்லாம் அரத்தால் உருட்டினோம். இது அழகுக்காக அன்று. கற்பாதையில் கொழுந்துக்கூடையோடு வருகிறவர்கள் வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் இடம் ஒரு முழமும் இராது. கூரான தகட்டின் மூலை ஒரு பிள்ளையின் காலைக் கிழித்தால், கவசத்தை எதற்குப் போட்டோம்?

இனிப் பொருத்துதல். தகட்டை மேனியோடு ஒட்டவைக்கவில்லை. துளைக்குத் துளை பத்து மில்லிமீற்றர் நைலோன் வளையம் ஒன்றை நடுவே கொடுத்து, மேனிக்கும் கவசத்துக்கும் இடையே விரல் நுழையும்படி இடைவெளி விட்டோம். அடிப்பக்கம் முழுவதும் திறந்தபடி. தகட்டின் மேல்விளிம்பு நாலு இடத்தில் மேனியைப் பிடிக்கும். கீழ்விளிம்பு குழாயின் கைகளைப் பிடிக்கும். கறள்படாத உருக்குப் போல்ட்டு. அதன் தலையின் கீழும் நைலோன். துளைகளுக்குள் நாகக் குரோமேற்றுப் பசை தடவினார் பாஸ். அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடவிடவில்லை. உருக்கு போல்ட்டையே திரும்பவும் போடுகிறோமே என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். பெரிய அலுமினியப் பரப்பிலே சிறிய உருக்கு ஆணி இருந்தால் அரிப்பு எங்கும் பரந்து சிறிதாய்ப்போகும். பெரிய செம்பிலே சிறிய இரும்பாணி வைத்த அந்தக் கப்பலில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அரிப்பு முழுவதும் ஆணியின் தலையில் விழுந்தது. எங்கள் முதற்கவசமோ பெரிய உருக்கை அலுமினியத்தின்மேல் ஏற்றியது.

வலப்பக்கத்துத் துளைகளைப் போட்டு முடித்த பின்னரே தாங்கியைத் திரும்ப ஏற்றினோம். ஜாக் வைக்கும் இடத்தைக் கவசம் மறைக்கவில்லை என்று இரண்டு தரம் பார்த்தோம். எல்லாப் போல்ட்டும் ஒரே அளவு. ஒரே சாவியால் கால்மணி நேரத்தில் பக்கத்தைக் கழற்றிவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை, சித்திரை வருஷம் பிறக்குமுன், கழற்றிப் பார்ப்பது என்று மாமா கலண்டரில் எழுதிக்கொண்டார்.

2014ஆம் ஆண்டு வைகாசியில் முதல் மழை இறங்கியபோது நானும் அங்கே இருந்தேன். மேற்கணக்கிலிருந்து ஒரு கிழவரை இருமலோடு ஏற்றி வந்தோம். அதே கொண்டைவளைவு. மாமா வேண்டுமென்றே கல்லை நாடினாரோ, மண் வழுக்கியதோ, நான் அறியேன். வண்டி ஒருபுறம் தாழ்ந்து, அடியில் நறநறவென்று ஒரு நீண்ட ஓசை கேட்டது. என் நெஞ்சு ஒருமுறை நின்றது. வண்டி நிற்கவில்லை. குழாய் கல்லின்மேல் வழுகி அப்பாற் போயிற்று. பெருந்தெருவில் ஏறியதும் மாமா முதற் காரியமாகத் தமது கதவைத் திறந்து பார்த்தார். திறந்தது. மூடினார். மறுபடியும் திறந்தார். பின்னாலிருந்த கிழவருக்கு அது ஒன்றும் விளங்கவில்லை.

கிழவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பட்டறையில் நிறுத்தினோம். குழாயின் அடியில் பெயின்ற் உரிந்து ஒரு முழ நீளத்துக்கு உருக்கு பளபளத்தது. தகட்டில் ஒரு சொட்டையும் இல்லை. நான் அதைப்பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். பாஸ் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயை எடுத்துவந்து, கவசத்துக்கும் மேனிக்கும் நடுவே மேலிருந்து பிடித்துவிட்டு, நிலத்தில் குந்திக்கொண்டார். மாமாவும் பக்கத்தில் குந்தினார். முதலில் செஞ்சேறு கட்டிகட்டியாய் விழுந்தது. பிறகு சிவந்த நீர். பிறகு கலங்கல். தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.